இட்டேரிக்கு நான் போட்ட கேட்டு

ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க சன்னலோரம் தள்ளிக்கறீங்களா? நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கறேன். காத்து ஆகாதுன்னு இல்லீங்க. இந்த ரூட்டுல நான் சன்னல் பக்கம் உக்கார்றதில்லை, அவ்வளவுதான். பையை மடியிலயே வெச்சுக்கறேன், உங்களுக்கு இடிக்காது. உள்ளே பொடவை. கசங்கக் கூடாது பாருங்க.

கரட்டுமேட்டுக்கா போறீங்க? டிக்கெட் வாங்கறப்பக் காதுல உழுந்துச்சு. ஓ, பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்திருக்கற வாத்தியாருங்களா! நல்லதுங்க, நல்லதுங்க. இன்னைக்கு ஒம்போதரைக்குள்ள போயிக் கையெழுத்துப் போடோணுமா? கஷ்டந்தானுங்க. நால்ரோட்டுல, கடைசி ஸ்டாப்புல இறங்கி, அங்கிருந்து ஆட்டோ கெடச்சாப் பத்து பத்தேகால் ஆயிரும். ஆட்டோ இல்லைன்னா நடைதான். நானும் கரட்டுமேடுதான் போறேன், சேந்தே போலாம்.

போன்ல பாக்கறீங்களே, அந்த மேப்பைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க. அதேதான்! இது கம்பெனிக்காரன் போட்ட மேப்பு இல்லீங்க சார். அந்தந்த ஊர்ல இருக்கறவங்க, சும்மா இருக்கற நேரத்துல, நடந்து பாத்து அவங்களே போடறது. ஆரு வேணாலும் போடலாம், ஆரு வேணாலும் திருத்தலாம். இப்ப நீங்க பாக்கறீங்க பாருங்க, இந்தக் குட்டை, இந்தக் கருப்பராயன் கோயில், ரேஷன் கடை, அது அத்தனையும் நான் போட்டதுங்க. இந்தத் தாலூக்காவுல பாதி என்ற கைதான்.

சரியாக் கேட்டீங்க. ஆமாங்க, இந்த ரோட்டுல இருந்து கரட்டுமேட்டுக்கு நேராப் போற ஒரு கோடு இருக்குது. சிவப்பாத் துண்டு துண்டாத் தெரியுதுல்ல? அது இட்டேரிங்க. நீங்க எந்தூரு? தஞ்சாவூருப் பக்கமா? அப்ப உங்களுக்கு இட்டேரின்னாத் தெரியாது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல ஒரு வண்டி போற அகலத்துக்குத் தடம். காட்டுக்குப் போக, மாடு ஓட்ட, ஊருக்குப் போக, எல்லாத்துக்கும் அதுதான். ஒருத்தருக்கும் சொந்தமில்லை, பொறம்போக்கு. இந்த இட்டேரில நடந்தா கரட்டுமேடு பத்து நிமிசம். ஆனாப் போக முடியாது. சிவப்புன்னாத் தனியார்னு அர்த்தம். அதனாலதான் உங்க போன் ஏழு கிலோமீட்டர் சுத்திப் போகச் சொல்லுது.

ஆரு அப்படிப் போட்டதா? நாந்தான் போட்டேன்.

அதைச் சொன்னா உங்களுக்கும் என்ற மேல கோவம் வரும். எல்லாருக்கும் வருது. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் நீங்களே சொல்லுங்க, படிச்சவரு.

என்ற பேரு திருமூர்த்தி. கரண்டு ஆபீசுல மீட்டர் ரீடிங் எடுக்கற வேலை, முப்பத்தோரு வருசம். ஊடு ஊடாப் போகோணும், மீட்டர்ல என்ன நெம்பர் ஓடியிருக்குதோ அதை அட்டைல எழுதோணும். அவ்வளவுதான் வேலை. 'ஏனுங்க, கொஞ்சம் கொறச்சு எழுதக் கூடாதா'ம்பாங்க. 'கொழந்தைக்கு மேலுக்குச் சொகமில்லை, ராத்திரியெல்லாம் பேன் ஓடுச்சுங்க'ம்பாங்க. எனக்கு எதுக்குங்க அது? நான் பாத்தது நெம்பரு, எழுதறது நெம்பரு. அட்டையில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கும். முப்பத்தோரு வருசத்துல அந்தக் கட்டத்துல நான் ஒரு எழுத்து எழுதினதில்லை. ஊடு சாத்தியிருந்தா 'டோர் லாக்'னு எழுதிட்டு அடுத்த ஊட்டுக்குப் போயிருவேன். ஒருத்தன் ஒரு கொறை சொன்னதில்லீங்க என்ற ரீடிங்கை.

ஒருக்கா எங்க அக்கா ஊட்டுக்கே டோர் லாக் போட்டுட்டேன். கதவு சாத்தியிருந்துச்சு. 'அக்கா'ன்னு ஒரு சத்தம் குடுத்தேன், ஆரும் வரலை, எழுதினேன், போயிட்டேன். அவ பொறத்தாலே கட்டுத்தரையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்திருக்கறா. எங்க மச்சான் அந்தக் கதையை விசேசத்துக்கு விசேசம் சொல்லிச் சிரிப்பாரு. 'ஏன் மாப்ள, உங்கக்கா செத்துக் கெடந்தாலும் டோர் லாக்குதான் போடுவியா'ம்பாரு. தமாசுக்காரரு அவரு. எங்க அக்கா மயிலாத்தா. மச்சான் பேரு சென்னியப்பன். கரட்டுமேட்டுல முக்குக் கெணத்துக்குப் பக்கத்து ஊடு.

அப்ப, ரிட்டையர் ஆனனுங்களா. ஒரு வேலையும் இல்லை. முப்பத்தோரு வருசம் நடந்த காலு, உக்காருன்னா உக்காருதா? அப்பத்தான் இந்த மேப்புக் குழுவுல சேந்தேன். கோயமுத்தூர்ல ஸ்டெல்லான்னு ஒரு மேடம், காலேஜ் புரபசரு, அவங்கதான் தலைமை. சேந்த புதுசுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பேப்பர்ல பைபாஸ் வருதுன்னு போட்டிருந்தான். நானும் ஆர்வக் கோளாறுல பைபாசை நீளமா இழுத்து உட்டுட்டேன். அங்க ஒரு கல்லுகூட நடலை. மேடம் அதை அழிச்சுட்டு, குழுவுல எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுனாங்க: 'நேரில் பார்க்காத எதையும் வரையாதீர்கள்.' பேரு சொல்லலை, ஆனா எல்லாருக்கும் தெரியுங்களே. இருநூறு பேரு இருக்கற குழு. எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கலை. முப்பத்தோரு வருசத்துல ஒருத்தன் என்ற ரீடிங்கைக் கொறை சொன்னதில்லைன்னு சொன்னனே, சொன்னனா?

அன்னையிலிருந்து ஒரே முடிவு. கண்ணுல பாத்தது மட்டுந்தான். அதுல ஆரு என்ன சொன்னாலும் நான் மசியறதில்லை.

அடுத்த வருசம் தை மாசம் மேடம் ஒரு வேலை குடுத்தாங்க. பொது நிலத்துல, பொதுத் தடத்துல, எங்கெங்க கேட்டுப் போட்டு மறிச்சிருக்காங்கன்னு எல்லாரும் நடந்து பாத்து மேப்புல குறிக்கோணும். ஒரு மாசம். ஆரு எத்தனை குறிச்சாங்கன்னு பட்டியல் வரும். நான் பதினோரு எடம் குறிச்சேன். ஈரோட்டுல ஒருத்தரும் பதினொண்ணு. மாசம் முடிய நாலு நாள் இருக்குது. அப்பத்தான் இட்டேரி முக்குல கேட்டுப் போட்டுட்டாங்கன்னு அக்கா போன்ல சொன்னா.

அழுதாளுங்க. ரெண்டு பக்கத்துத் தோப்பையும் ஒருத்தன் வாங்கி, ஓலைக் கூரை போட்டுச் சின்னச் சின்ன ஊடாக் கட்டி, வெளியூர்க்காரங்க வந்து தங்கறதுக்கு உட்டிருந்தான். 'பச்சைக்கூடு'ன்னு பேரு. ரெண்டு தோப்புக்கும் நடுவுல இட்டேரி ஓடுதுல்ல, அதைச் சேத்து ஒரே தோட்டமாக்கிப்போட்டான். ரோட்டு முனையில இரும்புக் கேட்டு. அக்கா சொன்னா, 'தம்பி, மச்சானுக்குக் காலுல புண்ணு. வாரம் ரெண்டு தடவை முக்குல இருக்கற ஆஸ்பத்திரில கட்டு மாத்தோணும். குச்சி ஊணிட்டு இட்டேரிலதான் போயிட்டு இருந்தாரு. கேட்டுக்காரன் உடமாட்டேங்கறான். நீ வந்து பாருடா'ன்னா.

போனேன். அவ கூப்பிட்டதுக்காவும் போனேன், என்ற பன்னண்டாவதுக்காவும் போனேன். பொய் சொல்ல மாட்டேன்.

கேட்டு இருந்துச்சு. பூட்டியிருந்துச்சு. போர்டு இருந்துச்சு: 'தனியார் வழி. அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது.' போனை எடுத்து நின்னேன். மேனேஜர் ஒரு ஆளு வந்தாரு, பிரதீப்புன்னு, சின்ன வயசு. 'சார், நீங்க மேப்பு சாருங்களா? குழுவுல உங்க பேரு முதல்ல வருதே, நாங்களும் பாக்கறமே'ன்னாரு. சேரு போட்டாரு. எளநி வெட்டிக் குடுத்தாரு. ஊர்ல என்னை ஆரு சார்னு கூப்பிட்டிருக்கறா? 'கரண்டுக்காரன் வந்துட்டான், நாயைப் புடிச்சுக் கட்டு'ம்பாங்க. அது கெடக்கட்டும். அந்த எளநிக்கும் நான் போட்டதுக்கும் சம்பந்தமில்லீங்க. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, அதனால சொல்றேன். சம்பந்தமே இல்லை.

மேப்புல கேட்டைத் தொட்டா ஒரு கேள்வி வரும், யாரெல்லாம் போலாம்னு. எல்லாரும், கேட்டுட்டுப் போலாம், தனியார், தெரியாது. இப்படி நாலு. அதுக்குக் கீழே குறிப்புன்னு ஒரு கட்டம். நான் போர்டைப் பாத்தேன், தனியார்னு போட்டேன். மீட்டர்ல என்ன இருக்குதோ அதானுங்களே எழுதோணும்? குறிப்பு எழுதலை. எனக்கு அந்தப் பழக்கமே இல்லைன்னு சொன்னேன்ல.

அப்புறம் பாத்தா, கேட்டு மட்டும் சிவப்பு, இட்டேரி பச்சை. பாக்க நல்லாவே இல்லீங்க. கேட்டுல நின்னு போற தடம் எப்படிப் பொதுத்தடமா இருக்கும்? அதனால இட்டேரி முழுக்க, கரட்டுமேட்டு முக்கு வரைக்கும், தனியார்னு போட்டு உட்டேன். ஒரே கோடு, ஒரே கலர். லட்சணமா வந்துச்சு. பன்னண்டு ஆச்சு. குழுவுலயே நான் முதல்.

மேடம் அன்னைக்குப் பொழுதோட போன் பண்ணுனாங்க. 'சார், நெலம் யாருதுங்கறது ஒரு கேள்வி, உள்ளே யாரை விடறாங்கங்கறது வேற கேள்வி. பொதுத்தடத்தை ஒருத்தர் மறிச்சா, மறிச்சிருக்காங்கன்னுதான் போடணும். தடத்தையே தனியார்னு போட்டா, மறிச்சவங்க சொல்றதை நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். குறிப்புல ஒரு வரி எழுதுங்க, இது புறம்போக்குன்னு.' மெதுவாத்தான் சொன்னாங்க. நான் உடலீங்க. 'மேடம், பொறம்போக்குங்கறது நான் கேள்விப்பட்டது. தனியார்ங்கறது நான் கண்ணுல பாத்தது. நேரில் பாக்காததைப் போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?' அவங்க போனை வெச்சுட்டாங்க. எனக்கு, சொன்னா என்ன, சந்தோசமா இருந்துச்சு. அந்தப் பைபாசுக்கு இது சரியாப் போச்சுன்னு இருந்துச்சு.

நான் அந்தத் தடத்துல நடந்ததே இல்லையான்னா கேக்கறீங்க? நடந்திருக்கறனுங்க. அக்காவுக்குக் கல்யாணமாகி, பொறந்த ஊட்டுச் சீரைத் தலைல வெச்சுட்டு அந்த இட்டேரிலதான் போனேன். அதையெல்லாம் மேப்புல எந்தக் கட்டத்துல எழுதறது?

கரட்டுமேட்டுக்காரங்க தாலூக்கா ஆபீசுல மனுக் குடுத்தாங்க. நாப்பத்திரண்டு கையெழுத்து. மொதக் கையெழுத்து எங்க அக்கா. விசாரணைக்குக் கூப்பிட்டாங்க, நானும் போயிருந்தேன். அதிகாரி ஒரு அம்மா, நல்லவங்கதான், பொறுமையாக் கேட்டாங்க. பழைய சர்வே படம் கிழிஞ்சு கெடக்குது, இன்னொரு நகல் வந்தாத்தான் தெரியும்னாங்க. அப்ப அந்தப் பச்சைக்கூட்டு வக்கீலு, இந்த மேப்பைக் கலர்ல பெருசா எடுத்துட்டு வந்து மேசை மேல விரிச்சாருங்க. 'இது எங்க கட்சிக்காரர் போட்டதில்லைம்மா. பொதுமக்களே சேந்து போடறது. அதுலயே இட்டேரி முழுக்கத் தனியார்னு இருக்குது. போட்டவரு மனுக் குடுத்த அம்மாவோட கூடப் பொறந்த தம்பி. இங்கதான் உக்காந்திருக்கறாரு'ன்னாரு.

எல்லாரும் திரும்பினாங்க. நான் எந்திரிச்சேன். 'நீங்க போட்டதா?' 'ஆமாங்கம்மா.' 'தனியார்னு எப்படிப் போட்டீங்க?' 'போர்டு இருந்துச்சுங்கம்மா, பாத்தேன், போட்டேன்.' எங்கக்கா எந்திரிச்சா. அந்த ரூமுல அத்தனை பேரு முன்னாடி, 'ஏன்டா தம்பி, நான் முப்பத்தேழு வருசமா நடக்கறனே, என்னைப் பாக்கலியாடா நீ?'ன்னா. அதிகாரியம்மா அவளை உக்காரச் சொன்னாங்க.

நான் என்னங்க பண்றது? அவ நடந்ததை நான் பாத்தேன்தான். ஆனாப் போட்ட அன்னைக்கு அவ நடக்கலியே. கேட்டுல்ல சாத்தியிருந்துச்சு!

முடிவு தள்ளிப்போச்சு. நகல் வர்ற வரைக்கும் இருக்கறது இருக்கறபடி இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க. இருக்கறபடின்னாக் கேட்டு சாத்தினபடி. எட்டு மாசம். மச்சான் மொதல்ல ரெண்டு வாரம் ஆட்டோ வெச்சுச் சுத்திப் போயிட்டு வந்தாரு. அப்புறம் வாரத்துக்கு ஒருக்கா. அப்புறம் போகலை. 'எவன் போறான் அத்தனை தூரம், தானா ஆறிரும்'னாராம். அவரு பிடிவாதக்காரருங்க. அதுக்கு ஆரு என்ன பண்ண முடியும்? சக்கரை இருக்கற ஒடம்பு. காலு கறுத்துப் போச்சு. ஐப்பசில போயிட்டாரு.

என்ற மேல எழுதி ஒட்டறாங்க அதையும். டாக்டர் என்ன சொன்னாருன்னு ஒருத்தனும் கேக்கலை. நானும் கேக்கலை, அது வேற.

எழவுக்குப் போனேன். போகாம இருப்பனா? சுத்தித்தான் போனேன். மத்தியானம் எடுத்தாங்க. கரட்டுமேட்டுச் சுடுகாடு இந்த ரோட்டுக்கு இக்கட்ட, ரோட்டைத் தாண்டி, பள்ளத்து ஓரமா இருக்குது. எப்பவும் இட்டேரி வழியாத்தான் கொண்டு வர்றது. பாதி வழில ஒரு கல்லு இருக்கும், அங்க பாடையை எறக்கித் தலையையும் காலையும் மாத்தித் திருப்பி வெப்பாங்க. திருப்பினதுக்கு அப்புறம் பாடை ஊட்டுப் பக்கம் போகக் கூடாது, கீழயும் எறக்கக் கூடாது. உங்க பக்கமும் அப்படித்தானுங்களே? அந்தக் கல்லுல திருப்பி, தூக்கிட்டு, முக்குக்கு வந்தா, கேட்டு.

பிரதீப்பு வெளிய நின்னாரு. மொகம் வெளுத்துப் போச்சு அவருக்கும். ஆனா மொதலாளி போன்ல சாவியைக் குடுக்காதேங்கறானாம். கூட்டத்துல என்னைப் பாத்துட்டாரு. 'சார், நீங்க சொன்னாக் கேப்பாங்க, நீங்களே சொல்லுங்க சார்'ன்னாரு. எல்லாரும் என்னையே பாக்கறாங்க. நாலு பேரு தோள்ல மச்சான். வெயிலு.

நான் சொன்னேன். 'இது சாத்தியிருக்குதுப்பா. தகராறு வேண்டாம். திருப்பிக் கொண்டு போயி, நால்ரோடு சுத்தி வந்துரலாம்'னேன்.

இப்பச் சொல்றப்ப எனக்கே எப்படியோ இருக்குது. திருப்பின பாடையை ஊட்டு வழியாக் கொண்டு போகச் சொல்லிட்டேன். எங்க மச்சானை. வாயில வந்துருச்சுங்க. கேட்டு சாத்தியிருந்தா வேற வழி என்னன்னு பாக்கறது, அதுதான் எனக்குத் தெரியும்.

சங்கு ஊதறவன் நிறுத்திப்போட்டான். அப்புறம் பொறத்தால இருந்தவங்க என்னைத் தாண்டிக்கிட்டு முன்னாடி போனாங்க. இரும்புச் சத்தம் கேட்டுது. நான் பாக்கலீங்க. குனிஞ்சிருந்தேன், கண்ணு பூராத் தண்ணி, செருப்பு ஒண்ணு வேற கூட்டத்துல போயிருச்சு, அதைத் தேடிட்டு இருந்தேன். கூட்டம் தள்ளுச்சு, போனேன். நிமிந்து பாத்தப்பச் சுடுகாடு. கேட்டைக் கீலோட பேத்து வேலி மேல போட்டுட்டாங்கன்னு சொன்னாங்க. சொன்னாங்க. நான் பாக்கலை.

காரியத்தன்னைக்குப் பொறந்தவன் கோடி எடுத்துட்டுப் போகோணுமில்லீங்களா. தாலி அறுத்தவளுக்குப் பொறந்த ஊட்டுல இருந்து ஒரு பொடவை. நான் ஒருத்தந்தான் பொறந்தவன். வெள்ளை எடுக்கலீங்க, இப்ப ஆரு அதெல்லாம் கட்டறா? அரக்குல சின்னக் கரை. அவளுக்குப் புடிச்ச கலரு. வெடியாலயே கெளம்பினேன். ஒம்போது மணிக்குக் கோடி. பஸ்சு இட்டேரி முக்குல நின்னுச்சு. எல்லாரும் எறங்கிட்டாங்க. நான் எறங்கலை.

ஏன்னா? மேப்புல சாத்தியிருக்குதுன்னு இருக்குது. நான் போட்டது. எறங்கி நடந்தா, பாத்திருவேன். பாத்தா மாத்தோணும். மாத்தினா என்ன அர்த்தம்? நான் அன்னைக்கு... அதை உடுங்க.

நால்ரோட்டுல ஆட்டோ இல்லை. நடந்தேன். போயிச் சேர்றப்பப் பத்தரை. எங்க சித்தப்பன் மகன், அவனுக்கு ஆரு சொன்னாங்களோ, ஒரு பொடவை எடுத்து அக்கா தோள்ல போட்டு முடிஞ்சு போச்சு. நான் வாசல்ல பையோட நிக்கறேன். வேர்த்து ஊத்துது. அக்கா நடுப்பந்தல்ல உக்காந்திருந்தா. மெதுவாக் கேட்டா, 'எந்த வழியா வந்தே?' 'நால்ரோடு சுத்தி வந்தேன்க்கா.' 'இட்டேரில வரலியா?' நான் பையைக் கை மாத்திக்கிட்டேன். அவளே சொன்னா. 'இன்னைக்குக் காரியத்துக்கு வந்த ஊரே அதுல வந்துச்சு. நீ உன்ற அட்டையில எழுதினபடி வந்திருக்கறே. அப்படியே இருக்கட்டும். அது ஊருக்கெல்லாம் பொதுத்தடம், உனக்கு மட்டும் தனியார். நீ அதுல காலு வெக்காதே.'

கத்தலீங்க. கத்தியிருந்தாப் பரவாயில்லை.

அப்புறம் நகல் வந்து, பொறம்போக்குன்னு உத்தரவே ஆயிருச்சுங்கறாங்க. எனக்கு ஆரும் காட்டலை. குழுவுல நாலு தடவை ஆரோ இட்டேரியைப் பொதுத்தடம்னு மாத்திப் போட்டாங்க. நாலு தடவையும் நான் பழையபடி சிவப்பு ஆக்கிட்டேன். 'நேரில் பார்த்த ஆதாரம் இல்லை'ன்னு காரணம் எழுதினேன். மேடம் கெஞ்சினாங்க. 'சார், நீங்களே ஒரு நடை போய்ப் பாத்துட்டு வாங்களேன், ரெண்டு நிமிசம்'னாங்க. எப்படிங்க போறது? கூடப் பொறந்தவ காலு வெக்காதேன்னு சொல்லியிருக்கறா. பாக்காம எழுத முடியாது, போகாம பாக்க முடியாது. இதுல என்ற தப்பு எங்கீங்க இருக்குது? நீங்க சொல்லுங்க.

இன்னைக்கு மச்சானுக்கு வருசம். அதே பொடவைதான் பையில. வருசத்துக்குக் கோடி கெடையாது, தெரியும். இருந்தாலும் பொடவை பொடவைதானுங்களே. பதினோரு மணிக்குப் படையலு. போனாப் போயிரலாம். நால்ரோட்டுல ஆட்டோ மட்டும்...

என்னுங்க, பஸ்சு நிக்குதா? இட்டேரி முக்குதான். கண்டக்டர் அப்படித்தான் கத்துவாரு, 'கரட்டுமேடு எல்லாம் எறங்கு'ன்னு. அவுரு மேப்பையா பாத்தாரு? நீங்க உக்காருங்க சார். எல்லாரும் எறங்கறாங்கன்னு நீங்களும் எறங்குவீங்களா? வாத்தியாரு நீங்க. உங்க போனைப் பாருங்க, என்ன போட்டிருக்குதுன்னு பாருங்க. சாத்தியிருக்குதுங்க!

சன்னல்ல என்ன பாக்கறீங்க? சொல்லாதீங்க. கும்புட்டுக் கேக்கறேன் சார், எனக்குச் சொல்லாதீங்க.

சரி, உங்களுக்கு ஒம்போதரைக்குக் கையெழுத்து. போங்க. காலை இப்படி வெச்சுக்கறேன், தாண்டிப் போங்க. சார்! சித்த நில்லுங்க. முக்குக் கெணத்துக்குப் பக்கத்து ஊடு, பச்சைக் கதவு, மயிலாத்தான்னு கேட்டாச் சொல்லுவாங்க. போறப்ப இந்தப் பையை... வேண்டாங்க. வேண்டாம், குடுங்க. இது பொறந்தவன் கையால குடுக்கறது. நீங்க போங்க, நேரமாச்சு.

என்ன கண்டக்டரே? நான் ஒருத்தந்தான் பாக்கியா? இருக்கட்டும். எனக்குக் கடைசி ஸ்டாப்புதான்னு உங்களுக்குத் தெரியாதா? விசில் அடிங்க, போலாம். சுத்தித்தான் போகோணும்.